விரிப்பில் இறங்கும் நம் பிள்ளைகளுக்காக: கனடாத் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

கனடாவில் இயங்கும் தமிழ்ப் பழைய மாணவர் சங்கங்கள், ஊர்ச் சங்கங்கள் ஆகியவற்றின் தலைவர், செயலாளர், பொருளாளர், விளையாட்டுக் குழுவினர் அனைவருக்கும்,

வணக்கம்.

கோடை வந்தால் நம் சங்கங்களின் விளையாட்டு விழாக்களால் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பூங்காக்கள் நிறைந்துவிடுகின்றன. நூறு மீற்றர் ஓட்டம், சாக்கோட்டம், தேசிக்காய் ஓட்டம், கயிறிழுத்தல், கரப்பந்து, வலைப்பந்து, துடுப்பாட்டம் என்று காலையில் தொடங்குவது இருட்டும்வரை நடக்கிறது. ஊரில் படித்த பள்ளியின் பெயரை மறக்காமல் இத்தனை ஆண்டுகள் இதைத் தொடர்ந்து நடத்துவது லேசான காரியமல்ல. அந்த உழைப்பை மதித்துத்தான் எழுதுகிறேன்.

ஆனால் குளிர்காலத்தில் நம் பிள்ளைகள் என்ன விளையாடுகிறார்கள் என்று நம் சங்கங்களில் யாரும் கேட்பதில்லை. நவம்பர் முதல் மார்ச் வரை நம் ஒன்ராறியோ மாகாணத்தின் உயர்நிலைப் பள்ளிகளில் மல்யுத்தப் பருவம். நான் சனிக்கிழமைகளில் பள்ளிப் போட்டிகளில் தொண்டராக உதவி வருகிறேன். அங்கே தமிழ்ப் பெயர்கள் ஒலிபெருக்கியில் கேட்கின்றன. அப்பிள்ளைகளில் பலருடைய வீட்டிலிருந்து ஒருவரும் வந்திருப்பதில்லை. ஜூடோ கற்கும் பிள்ளைகளின் நிலையும் இதேதான். சில வீடுகளில் பிள்ளை இதற்குப் போவதே தெரியாது. தெரிந்த வீடுகளில் பாதி, ‘வேண்டாம், நிறுத்து’ என்கின்றன. சங்கங்களோ இவற்றை விளையாட்டுகளாகவே எண்ணுவதில்லை. இந்த மனநிலை மாற வேண்டும், அதை மாற்றக் கூடிய இடத்தில் இருப்பவர்கள் நீங்கள் என்று சொல்வதற்காகவே இந்த மடல்.

அதற்கு முன் ஒருவருடைய வாழ்க்கையை உங்களுக்குச் சொல்ல வேண்டும். பெயர் டானியல் இகாலி. உங்களில் சிலர் 2000 ஆம் ஆண்டு தொலைக்காட்சியில் அவரைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலோருக்கு அந்தப் பெயர் இப்போது நினைவில் இராது.

1974 பிப்ரவரியில் நைஜீரியாவின் நைஜர் ஆற்றுக் கழிமுகப் பகுதியில், எனிவாரி என்ற சிற்றூரில் பிறந்தவர் அவர். இஜோ இனத்தவர். நீரும் சேறும் சூழ்ந்த, எண்ணெய் வளம் மிகுந்த அந்த மண்ணில் மல்யுத்தம் ஊர்த் திருவிழாவோடு கலந்த ஒன்று. ஊருக்கு ஊர் போட்டி நடக்கும், பறை முழங்கும், வென்றவனை ஊரே கொண்டாடும். பெரிய குடும்பம், நிறையச் சகோதரர்கள். பயிற்றுநரைப் பார்க்கும் முன்பே பிடிகளைச் சகோதரர்களிடம் கற்றுவிட்ட பிள்ளை அவர். வளர்ந்து நைஜீரிய மல்யுத்த அணியின் தலைவரானார்.

1994 ஆகஸ்டில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் தலைநகர் விக்டோரியாவில் பொதுநலவாய விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. அணித் தலைவராக வந்தார். அப்போது அவருக்கு வயது இருபது. முந்தைய ஆண்டு நைஜீரியாவில் தேர்தல் முடிவு செல்லாது என்று அறிவிக்கப்பட்டு, பிறகு இராணுவத் தளபதி அபாச்சா ஆட்சியைக் கைப்பற்றியிருந்தார். கழிமுகத்து மக்களின் குரலை அடக்குவதில் அந்த ஆட்சி எவ்வளவு தூரம் போகும் என்பதை அடுத்த ஆண்டு எழுத்தாளர் கென் சரோ-விவாவும் தோழர்களும் தூக்கிலிடப்பட்டபோது உலகமே கண்டது. போட்டி முடிந்தது, அணி ஊர் திரும்பியது. இகாலி திரும்பவில்லை. கனடாவிடம் அகதித் தஞ்சம் கோரினார்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும். விக்டோரியாவை ஒட்டியிருக்கிறது எஸ்குவிமால்ட் கடற்படைத் தளம். 2010 ஆகஸ்டில் ‘சன் சீ’ என்ற கப்பல் 492 தமிழர்களோடு கொண்டுவந்து சேர்க்கப்பட்டது அந்தத் துறைமுகத்துக்குத்தான். அதற்கும் முன், 1986 ஆகஸ்டில், நாட்டின் மறுகோடியில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர்களை மீனவர்கள் கரைசேர்த்தார்கள். நம் சங்கங்களின் பொதுக்கூட்டங்களில் முன்வரிசையில் அமர்ந்திருப்பவர்களில் எத்தனையோ பேர் வழக்கறிஞரின் அறைக்கு வெளியே காத்திருந்தவர்கள், தீர்ப்புக் கடிதம் வரும்வரை தபால்பெட்டியைத் திறக்கக் கை நடுங்கியவர்கள். இகாலியின் முதல் ஆண்டுகளை விளக்கிச் சொல்ல வேறு எந்தச் சமூகத்துக்கும் நிறையச் சொற்கள் தேவைப்படலாம். உங்களுக்குத் தேவையில்லை.

அவர் வன்கூவர் பகுதியில் தங்கினார். முதலில் டக்ளஸ் கல்லூரியில் படித்தார், பிறகு பர்னபி மலைமீதுள்ள சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அந்தப் பல்கலைக்கழகத்தின் மல்யுத்த அறை நாட்டிலேயே பெயர்பெற்றது. பயிற்றுநர் டேவ் மக்கே அவரை வார்த்தெடுத்தார். இங்கே குடும்பம் என்று ஒருவரும் இல்லாத அந்த இளைஞருக்கு ஒரு பெண்மணி தம் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டார். இகாலி அவரைத் தம் கனடியத் தாய் என்றே சொல்லிவந்தார்.

குடியுரிமை இல்லாதவர் நாட்டுக்காக உலகப் போட்டிகளில் களமிறங்க முடியாது. ஒரு விளையாட்டு வீரனுக்கு இருபதிலிருந்து இருபத்து நான்கு வயது வரையான காலம் எவ்வளவு பெறுமதி மிக்கது என்று யோசித்துப் பாருங்கள். அந்த ஆண்டுகளை அவர் வீணாக்கவில்லை. 1997 முதல் 1999 வரை பல்கலைக்கழகத்துக்காக ஆடியபோது தொடர்ச்சியாக 116 ஆட்டங்களில் வென்றார். ஒரு சனிக்கிழமை கூடக் கால் வழுக்காமல், ஒரு காய்ச்சல் நாளில் கூடக் கவனம் தப்பாமல், 116. 1998 இல் குடியுரிமை கிடைத்தது. அந்த ஆண்டே உலகச் சாம்பியன் போட்டியில் நான்காவதாக வந்தார். 1999 இல் துருக்கியின் அங்காராவில் இறுதி ஆட்டத்தில் அமெரிக்காவின் லிங்கன் மக்கில்ரேவியை வென்று உலகச் சாம்பியனானார். அந்த ஆண்டிலேயே அவருடைய கனடியத் தாய் புற்றுநோயால் இறந்தார்.

அடுத்த ஆண்டு சிட்னி ஒலிம்பிக். 69 கிலோ எடைப்பிரிவு, கட்டற்ற பாணி. இறுதியில் எதிரே நின்றவர் ரஷ்யாவின் அர்சென் கிதினோவ். ரஷ்ய மல்யுத்த வீரனை இறுதி ஆட்டத்தில் சந்திப்பது என்றால் என்ன என்று இந்த விளையாட்டைத் தொட்டவர்களுக்குத் தெரியும். அங்கே ஒரு மாநில அணியில் இடம்பிடிப்பதே பல நாடுகளில் தேசிய அணியில் இடம்பிடிப்பதைவிடக் கடினம். இகாலி 7-4 என்ற புள்ளிகளில் வென்றார். ஒலிம்பிக் மல்யுத்தத்தில் கனடா பெற்ற முதல் தங்கம் அது. வென்ற கையோடு கனடியக் கொடியை விரிப்பின் நடுவில் விரித்து வைத்தார். அதைச் சுற்றிச் சுற்றி ஓடினார். பிறகு முழந்தாளிட்டு அதை முத்தமிட்டார். ஆறு ஆண்டுகளுக்கு முன் தஞ்சம் கேட்டு விண்ணப்பம் எழுதிய மனிதர்! அந்த ஆண்டின் மிகச் சிறந்த கனடிய விளையாட்டு வீரருக்கான லூ மார்ஷ் விருதும் அவருக்கே கிடைத்தது.

கொடியை முத்தமிட்ட அந்தக் காட்சியைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, கல்லூரியும் பல்கலைக்கழகமும் ஓர் அகதி இளைஞருக்குத் திறந்துவைத்த பயிற்சி அறைகள்தான். அவருக்கு ஊரில் தெரிந்திருந்த ஒரே கலை இங்கும் செல்லுபடியாகும் என்று அந்த அறைகள் அவருக்குச் சொன்னன. ஆங்கிலம் தடுமாறினாலும், கையில் காசு இல்லாவிட்டாலும், விரிப்பில் இறங்கிய பின் இரண்டு பேருக்கும் எடை ஒன்றுதான்.

இதை நான் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லவில்லை. பனிக்கட்டி ஹாக்கிக்குப் பிள்ளையை அனுப்பிய பெற்றோரைக் கேளுங்கள். தலைக்கவசம், காப்புகள், சப்பாத்து, மட்டை, பனித்தள வாடகை, பயணம் என்று அந்தச் செலவு முடிவதேயில்லை. பள்ளி மல்யுத்தத்துக்குத் தேவை ஒரு சோடி மென்சப்பாத்தும் உடலோடு ஒட்டிய ஓர் உடையும். பல பள்ளிகள் உடையைத் தாமே கொடுத்துவிடுகின்றன. விரிப்பு பள்ளியுடையது. உயரம் வேண்டாம், நீண்ட கால் வேண்டாம். கூடைப்பந்து அணியில் இடம் கிடைக்காத குள்ளமான பையனுக்கும் இங்கே அவனுடைய எடைப்பிரிவு காத்திருக்கிறது. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் இதற்குப் பொருந்துவார்கள் என்று நான் சொல்ல வேண்டுமா?

இன்னொருவரையும் சொல்கிறேன். கரோல் ஹுவின். அவருடைய பெற்றோர் வியட்நாமிலிருந்து வந்த சீன வம்சாவளி அகதிகள். பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடக்கே, மலைகளுக்கு நடுவில் உள்ள ஹேசல்டன் என்ற சிற்றூரின் தேவாலயச் சபையினர் பொறுப்பேற்று அவர்களை வரவழைத்தார்கள். கரோல் 1980 இல் அங்கேதான் பிறந்தார். அந்தச் சிற்றூரின் உயர்நிலைப் பள்ளியில் ஒரு மல்யுத்த அணி இருந்தது. அதனால்தான் அவர் மல்யுத்தம் கற்றார். 2008 பீஜிங் ஒலிம்பிக்கில் முதல் வாரம் முழுவதும் கனடா ஒரு பதக்கமும் இல்லாமல் தலைகுனிந்து நின்றது. அந்தச் சனிக்கிழமை 48 கிலோ பிரிவின் இறுதியில் ஜப்பானின் சிஹாரு இச்சோவை வென்று அந்தப் போட்டிகளில் கனடாவின் முதல் தங்கத்தை வாங்கித் தந்தவர் ஹேசல்டனின் அகதிக் குடும்பத்துப் பெண். பெண்கள் மல்யுத்தத்தில் கனடாவுக்கு அதுவே முதல் ஒலிம்பிக் தங்கம். 2012 இல் லண்டனில் வெண்கலமும் பெற்றார். அந்த ஊர்ப் பள்ளியில் விரிப்பு இல்லாதிருந்தால்? கேள்வியை அப்படியே உங்களிடம் விடுகிறேன்.

இனி, நம் வீடுகளில் சொல்லப்படும் தடைகளுக்கு வருகிறேன். பெற்றோரிடம் நேரிலும் தொலைபேசியிலும் பல தடவை கேட்டவை இவை.

முதலாவது, படிப்புக் கெடும் என்பது. இகாலி தங்கப் பதக்கத்துக்குப் பிறகு அதே சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் குற்றவியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். ஜூடோவில் கனடாவுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கம் வாங்கித் தந்த டக் ரோஜர்ஸ் பத்தொன்பது வயதில் ஜப்பானுக்குப் போனார், டகுஷோகு பல்கலைக்கழகத்தில் மசஹிகோ கிமுராவிடம் அடிவாங்கி அடிவாங்கிக் கற்றார், 1964 இல் டோக்கியோவிலேயே வெள்ளி வென்றார். பிறகு என்ன ஆனார் தெரியுமா? பயணிகள் விமானத்தின் விமானியானார். அதிகாலையில் எழுவது, சாப்பாட்டில் கட்டுப்பாடு, தோற்ற அன்றே அடுத்த பயிற்சிக்குப் போவது என்று பழகிய பிள்ளை பரீட்சை மண்டபத்தில் நிலைகுலைவதை நான் அதிகம் பார்த்ததில்லை. வாரத்தில் நான்கு நாள் தனியார் வகுப்புகளுக்கு ஏற்றி இறக்கும் பெற்றோர், அதில் ஒரு மாலையை இதற்கு விட்டுக்கொடுத்தால் பல்கலைக்கழகக் கதவு மூடிவிடாது.

இரண்டாவது, காயம். இதில் நான் பெற்றோரின் பக்கம்தான் பாதி நிற்கிறேன். தோள் நழுவுகிறது, முழங்கால் முறுகுகிறது, தலையில் அடிபடுகிறது. காதுமடல் திரும்பத் திரும்ப நசுங்கினால் இரத்தம் கட்டி, பிறகு பூக்கோவாப் பூப்போல் இறுகிவிடுகிறது. காதுக்காப்பு அணிந்தால் அது பெரும்பாலும் தவிர்க்கக் கூடியதே. உண்மையில் அஞ்ச வேண்டியது எடைக்குறைப்புக்குத்தான். 1997 ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூன்று பேர் சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள். எடையைக் குறைக்க ரப்பர் உடை அணிந்து, சூடான அறையில் உடற்பயிற்சி செய்து, உடலின் நீரை வற்றவைத்ததுதான் காரணம். அதன் பிறகுதான் அங்கே அந்த முறைகள் தடைசெய்யப்பட்டன. 2024 இல் பாரிஸில் இந்தியாவின் வினேஷ் போகாட் நூறு கிராம் அதிகம் என்பதற்காக இறுதி ஆட்டத்திலிருந்து நீக்கப்பட்டதை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். முந்திய இரவு முழுவதும் அவர் உடலை எப்படி வருத்திக்கொண்டார் என்றும் படித்திருப்பீர்கள். ஆகவே, பதினான்கு வயதுப் பிள்ளையைப் பட்டினி போட்டு எடை குறைக்கச் சொல்லும் பயிற்றுநர் யாராக இருந்தாலும் அவரிடமிருந்து பிள்ளையை அன்றே கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். இதில் தயவு தாட்சண்யம் வேண்டாம். ஆனால் அதைத் தெரிந்துகொள்வதற்குப் பெற்றோர் அந்த அறைக்குள் ஒரு நாளாவது போயிருக்க வேண்டுமே! வீட்டுக்குத் தெரியாமல் பழகும் பிள்ளைதான் ஆபத்தில் இருக்கிறது. காயத்தை மறைக்கிறது, பசியை மறைக்கிறது, தன்னை யாராவது தவறாக நடத்தினால் அதையும் மறைத்துவிடுகிறது.

மூன்றாவதைச் சொல்லத்தான் எனக்கு மனம் கனக்கிறது. பெண்பிள்ளைகள்.

இரண்டு குளிர்காலங்களுக்கு முன் ஒரு பள்ளிப் போட்டியில் நடந்ததைச் சொல்கிறேன். காலை எட்டு மணி. உடற்பயிற்சி மண்டபத்தில் விரிப்புகளைச் சேர்த்து, இணைப்புகளில் ஒட்டுநாடா ஒட்டிக்கொண்டிருந்தோம். கிருமிநாசினி போட்டுத் துடைத்த ஈரம் காயவில்லை. எடை பார்க்கும் வரிசையில் ஒரு தமிழ்ப் பிள்ளை நின்றாள். பத்தாம் வகுப்பு. தலைமுடியை இறுக்கிப் பின்னி, பின்னல்களைச் சுற்றிக் கட்டியிருந்தாள். முதல் ஆட்டத்தில் தன்னைவிட அனுபவம் மிக்க ஒருத்தியின் இரண்டு கால்களையும் வாரிப் பிடித்து, தோளால் இடித்துச் சாய்த்து, முதுகை விரிப்பில் பதித்துவிட்டாள். ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. நடுவர் சிவப்புப் பட்டை அணிந்த கையால் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து உயர்த்தியபோது அவள் பார்வையாளர் வரிசையைப் பார்த்தாள். அங்கே அவளுக்கென்று யாரும் இல்லை. பயிற்றுநர்தான் கைதட்டினார். அந்தப் பருவம் முடிவதற்குள் அவள் வருவது நின்றுவிட்டது. யாரோ உறவினர் கைபேசியில் அவளுடைய படத்தைப் பார்த்துவிட்டு, ‘இந்த உடுப்போடா?’ என்று வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார்களாம். அவ்வளவுதான்.

நீச்சலுக்கு அனுப்புகிறோம், அங்கே உடை உறுத்துவதில்லை. பரதத்துக்கு அனுப்புகிறோம், அரங்கேற்றத்துக்கு நகைநட்டு விற்றாவது செலவழிக்கிறோம். நான் பரதத்துக்கு எதிரியல்ல, என் மகளும் ஆடினாள். ஒரு பெண் தன் உடலின் வலிமையைத் தானே அறிவதில் நமக்கு ஏன் இத்தனை கூச்சம்? உடைதான் பிரச்சினை என்றால், பயிற்சியின்போது நீளக்கை மேற்சட்டையும் காற்சட்டையும் அணியலாம். ஜூடோவில் கழுத்திலிருந்து கணுக்கால் வரை தடித்த உடைதான். பிள்ளைக்கு எது பொருந்தும் என்று பேசித் தீர்க்கலாம். பேச்சே இல்லாமல் நிறுத்திவிடுவதுதான் அநியாயம்.

இந்த நாட்டில் பெண்கள் மல்யுத்தம் வளர்ந்த கதையை நம் பெண்பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். அல்பேர்ட்டாவின் கிறிஸ்டீன் நோர்ட்ஹேகன் ஆறு தடவை உலகச் சாம்பியன். அவர் உச்சத்தில் இருந்த காலமெல்லாம் ஒலிம்பிக்கில் பெண்கள் மல்யுத்தம் இல்லை. 2004 இல் ஏதென்ஸில்தான் முதன்முறையாகச் சேர்த்தார்கள். அப்போது அவருக்கு வயது முப்பத்து மூன்று. பதக்கம் கிடைக்கவில்லை. அந்தப் போட்டியிலேயே ஒன்ராறியோவின் டோன்யா வெர்பீக் வெள்ளி வென்று, பிறகு பீஜிங்கிலும் லண்டனிலும் பதக்கம் பெற்று, மூன்று ஒலிம்பிக் பதக்கங்களோடு ஓய்வுபெற்றார். ஒட்டாவாவில் படித்துக்கொண்டிருந்த எரிக்கா வீப் என்ற ஒன்பதாம் வகுப்பு மாணவி, ஆண்களும் பெண்களும் சேர்ந்து பழகும் மல்யுத்தப் பயிற்சி பற்றிய அறிவிப்பைப் பள்ளியில் பார்த்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். 2016 இல் ரியோவில் 75 கிலோ பிரிவில் தங்கம் வென்றார். ஜூடோவில் கனடாவின் முதல் ஒலிம்பிக் தங்கத்தை வென்றதும் ஒரு பெண்தான்: 2024 இல் பாரிஸில் கிறிஸ்டா டெகுச்சி. பள்ளிச் சுவரில் ஒட்டிய ஒரு தாளிலிருந்து ஒலிம்பிக் தங்கம் வரை ஒரு பெண் போக முடிந்திருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளையும் அதே தாளைப் பார்க்கிறாள்.

நம்மைப் போலவே வந்து குடியேறிய இன்னொரு சமூகம் இதை எப்படிச் செய்தது என்று பாருங்கள். பஞ்சாபியர் ஊரில் மண்ணில் ஆடிய மல்யுத்தத்தைப் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்குக் கொண்டுவந்தார்கள். சரே நகரப் பகுதியில் பல்பீர் தேசி உருவாக்கிய கால்சா மல்யுத்தக் கழகத்தில் தலைமுறையாகப் பிள்ளைகள் பழகுகிறார்கள். அவருடைய மகன் அமர் தேசி டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் கனடாவுக்காகக் களமிறங்கினார். ரிச்மண்டில் வளர்ந்த அர்ஜன் புல்லர் 2010 இல் டெல்லிப் பொதுநலவாயப் போட்டியில் தங்கம் வென்றார், 2012 ஒலிம்பிக்குக்கும் போனார். அங்கே அப்பாமார் விரிப்பின் ஓரத்தில் நிற்கிறார்கள், தாத்தாமார் மடக்கு நாற்காலியோடு வருகிறார்கள். நம்மிடம் ஆட்கள் குறைவா, அமைப்புகள் குறைவா? ஒரு பள்ளிக்கு ஒரு சங்கம், ஒரு ஊருக்கு ஒரு சங்கம் என்று இருக்கிறோம்.

ஒரு சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் இதை நான் எழுந்து சொன்னபோது, ‘நம் பணம் ஊருக்குப் போக வேண்டிய பணம்’ என்று பதில் வந்தது. அந்தப் பதிலில் இருக்கும் நேர்மையை நான் மதிக்கிறேன். ஊரில் ஆய்வுகூடம் கட்டியதும், கூரை போட்டதும், பிள்ளைகளுக்கு மிதிவண்டி வாங்கியதும் அந்தப் பணம்தான். ஆனால் அதற்கும் இகாலியின் வாழ்க்கையில் ஒரு பதில் இருக்கிறது. சிட்னிக்குப் பிறகு அவர் இங்கே ஓர் அறக்கட்டளை அமைத்து, கனடியர்களிடம் பணம் திரட்டி, எனிவாரியில் ஒரு பள்ளிக்கூடம் கட்டினார். நம் ஊர்ச் சங்கங்கள் செய்வதை ஒற்றை ஆளாக நின்று செய்தார். 2002 இல் மான்செஸ்டர் பொதுநலவாயப் போட்டியில் 74 கிலோ பிரிவில் தங்கம் வென்றார். 2005 இல் பிரிட்டிஷ் கொலம்பிய மாகாணத் தேர்தலில் சரே-நியூட்டன் தொகுதியில் நின்று தோற்றார். 2006 இல் நைஜீரியாவுக்குச் சென்றிருந்தபோது கொள்ளையர் தாக்கிக் கத்தியால் குத்தினார்கள். உயிர் பிழைத்தார். அப்படிப்பட்ட ஊரை அத்தோடு விட்டிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் விடவில்லை. எனிவாரி இருக்கும் பேயெல்சா மாநிலத்துக்குத் திரும்பிப் பொதுவாழ்வில் இறங்கினார், நைஜீரிய மல்யுத்தக் கூட்டமைப்பின் தலைவரானார். அவர் தலைவராக இருந்த காலத்தில், டோக்கியோ ஒலிம்பிக்கில் அதே பேயெல்சாவைச் சேர்ந்த பிளெஸ்ஸிங் ஒபொருடுடு என்ற பெண் 68 கிலோ பிரிவில் வெள்ளி வென்றார். ஒலிம்பிக் மல்யுத்தத்தில் நைஜீரியா பெற்ற முதல் பதக்கம். தஞ்சம் கேட்டு வந்த நாட்டுக்கு முதல் தங்கம் தந்தவர், விட்டுவந்த நாட்டுக்கு முதல் பதக்கம் வந்தபோது அதன் கூட்டமைப்புக்குத் தலைமை தாங்கினார்.

ஆகவே இங்குள்ள பிள்ளைக்குச் செலவழிப்பதை ஊரிடமிருந்து பறிப்பதாக எண்ணாதீர்கள். இங்கே நிமிர்ந்து நிற்கப் பழகிய பிள்ளைதான் நாளை உங்கள் சங்கத்தின் பொருளாளர். இன்று பொதுக்கூட்டங்களில் இளையோரைக் காணோம் என்று எல்லாச் சங்கங்களும் கவலைப்படுகின்றன. அவர்கள் நேசிக்கும் ஒன்றை நீங்கள் ஒருமுறையாவது வந்து பார்த்திருந்தால், அவர்களும் உங்கள் கூட்டத்துக்கு வந்து பார்த்திருப்பார்கள்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. கோடை விளையாட்டு விழாவில் ஒரு மணி நேரம், புல்வெளியில் இரண்டு விரிப்புகள் போட இடம் கொடுங்கள். விரிப்புக்கும் பிள்ளைகளுக்கும் பயிற்றுநருக்கும் நான் ஏற்பாடு செய்கிறேன். மல்யுத்தமும் ஜூடோவும் பழகும் பிள்ளைகள் அங்கே ஆடிக் காட்டட்டும், அப்பம்மாவும் அம்மம்மாவும் கண்ணால் பார்க்கட்டும். பரிசளிப்பு விழாவில் பரீட்சையில் சித்தியெய்தியவர்களுக்குக் கேடயம் கொடுக்கும்போது, மாகாணப் பள்ளி மல்யுத்தப் போட்டிக்குத் தெரிவான பிள்ளையின் பெயரையும் வாசியுங்கள். அந்தப் பிள்ளை ஆணாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும் பெற்றோரோடு மேடைக்கு அழையுங்கள். பயணச் செலவுக்கோ சப்பாத்துக்கோ இயலாத குடும்பங்களுக்கு வருடாந்த இராப்போசன விருந்தின் வரவில் ஒரு சிறு பங்கை ஒதுக்குங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமாக, நிருவாகக் குழுவில் பெண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் இருந்தால், அவர்களில் ஒருவர் எழுந்து, ‘என் மகள் பழகட்டும்’ என்று ஒலிவாங்கியில் சொல்லட்டும். நான் பத்து வருடம் பேசுவதைவிட அந்த ஒரு வரிக்கு நம் சமூகத்தில் வலு அதிகம்.

உங்கள் அடுத்த நிருவாகக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அழைத்தால் வந்து பேசவும், கேள்விகளுக்குப் பதில் சொல்லவும், பெற்றோரோடு தனியாக அமர்ந்து கதைக்கவும் ஆயத்தமாக இருக்கிறேன். பள்ளிகளில் பயிற்சி நவம்பரில் தொடங்குகிறது. அதற்குள் உங்கள் பதில் கிடைத்தால், பருவத்தின் முதல் சனிக்கிழமைப் போட்டிக்கு உங்களில் யார் வர விரும்பினாலும் என் வாகனத்திலேயே கூட்டிப்போகிறேன். காலை ஏழு மணிக்குப் புறப்பட வேண்டியிருக்கும்.

அன்புடனும் எதிர்பார்ப்புடனும்,
பழைய மாணவர் சங்க உறுப்பினர் ஒருவர்,
ஸ்காபரோ